முக்காலே மூன்று வீசம்

நாடோறும் வழங்கும் மரபுத்தொடர்களைப் பொருள் ஆராயாது கையாளுதல் பேசுவோர்க்கு இயல்பு. "வேலை முக்காலே மூன்று வீசம் முடிந்தது", "முக்காலே மூன்று வீசம் பேர் வந்துவிட்டனர்" என்பன போன்ற பேச்சை நாம் கேட்டிருக்கின்றோம். ஏறக்குறைய முழுவதும் என்பது அதன் கருத்தென்பதையும் அறிவோம். ஆயின், வீசமாவது எவ்வளவு என வினவின் விடை கூறுவார் இன்று மிகச் சிலரே. இத்தொடர் வெற்றலங்காரமன்று, பிழையற்றதொரு கணக்கு என்பதை ஈண்டுக் காட்ட முயல்வாம்.

ஒன்றிற் பாதி அரை. அரையிற் பாதி கால். காலிற் பாதி அரைக்கால். அரைக்காலிற் பாதி வீசம். எனவே வீசமாவது 16இல் ஒரு பங்கு. இதற்கு மாகாணி என்றும் பெயருண்டு. மா 20இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. ஒரு மாவுக்கு நான்கு காணி. அதனோடு மேலுமொரு காணி கூட ஐந்து காணியாகும். 80இல் ஐந்து, 16இல் ஒன்றேயன்றோ? மா, காணி என்னும் இரண்டுங் கூடியே மாகாணியாயிற்று.

முக்கால் என்பது 12 வீசம். அதனோடு மூன்று வீசங் கூட்டின் 15 வீசம். முழுமைக்கு ஒரு வீசமே குறைவு.

'முக்காலே' என்பதிலுள்ள ஏகாரத்தை மாணவர் நோக்குதல் வேண்டும். அதனைத் தேற்றமெனக் கொள்ளின் பொருள் சிதையும். ஏகாரத்தின் பொருள்களுள் எண்ணும் ஒன்றென நன்னூல் கூறும். 'இரண்டே கால்' என்புழி இரண்டும் காலும் எனப் பொருள்படுமாறு போல, இங்கும் முக்காலும் மூன்று வீசமும் எனக் கூட்டியுரைத்தல் வேண்டும்.

திண்ணைப் பள்ளிகளிற் சிறுவர் எண்சுவடியை மனனஞ் செய்த காலத்தில் இப்பின்னங்கள் யாவர்க்கும் பழகியவை. ஒரு ரூபா 16 அணாவாக இருந்தவரை வீசம் கையிற் புழங்கும் காசாகவும் இருந்தது. ஓரணாவே ரூபாவின் வீசம். இலங்கையில் 1872ஆம் ஆண்டு முதல் ரூபா 100 சதமாயிற்று. இந்தியாவில் 1957 ஏப்பிரல் முதலாந் திகதி அணாக்கணக்கு ஒழிந்தது. கணக்கு மறைந்தும் சொல் நிலைத்தது.

இனி, முக்கால்வாசி என்பதும் இதுவும் ஒன்றெனக் கருதுதல் பொருந்தாது. 160 பேர் கூடவேண்டிய அவையில் முக்கால்வாசியினர் வந்தனரெனின் வந்தோர் 120 பேர். முக்காலே மூன்று வீசம் வந்தனரெனின் 150 பேர். வாராதார் பதின்மரே. 'எல்லாரும் வந்தனர்' எனக் கூறிவிடாது அப்பதின்மர்க்கும் கணக்கில் இடமளித்தலே இத்தொடரின் சிறப்பு. மிகைபடக் கூறாமைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

கணினி எழுத்துகளுக்குரிய ஒருங்குறியின் 12ஆம் பதிப்பு, 2019ஆம் ஆண்டில், மாகாணி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு இடந்தந்தது. குறிகள் காக்கப்பெற்றன, அவற்றின் பொருளைக் காத்தல் நம் கடன். எம் கல்லூரி மாணவர் இச்சிறு வாய்பாட்டையேனும் மனத்திருத்துவாராயின், முன்னோர் பேச்சின் நுட்பம் அவர்க்கு இனிது விளங்கும்.