நம் மலையிலும் இலையுதிர் காலம்

எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு காலண்டர் படம் தொங்குகிறது. ஆல்ப்ஸ் மலைச் சரிவில் லார்ச் மரங்கள் பொன்னிறமாக நிற்கும் காட்சி அது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று நிறுவப்பட்ட சுவிஸ் தேசியப் பூங்காவில் ஆண்டுதோறும் அக்டோபரில் இக்காட்சியைக் காணலாமாம். "இப்படி ஓர் இலையுதிர் காலம் நமக்கு இல்லையே!" என்று ஏங்கினோம். "ஆனைமலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று சிரித்தார் எங்கள் விஞ்ஞான சிஸ்டர்.

திருநீற்றுப் புதனுக்கு முந்திய சனிக்கிழமை, பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக டாப்சிலிப் சென்றோம். முற்காலத்தில் வெட்டிய மரங்களை மலைமேலிருந்து சறுக்கி விட்டதால் வந்த பெயர் அது. 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஆனைமலைக் காட்டில் அமைந்த இடம். பொன்னிறத்தை எதிர்பார்த்துச் சென்ற எங்களுக்கு முதலில் ஏமாற்றமே. தேக்கு மரங்கள் மொட்டையாக நின்றன. முறம் போன்ற இலைகள் பழுப்பேறிக் காலடியில் சரசரத்தன. "ஐயோ, மரமெல்லாம் பட்டுப்போச்சே!" என்றாள் ஒருத்தி.

உடன் வந்த வனக் காவலர் சொன்னார்: "பட்டுப் போகலை அம்மிணி. தண்ணி பத்தலைன்னு இலையைக் கொட்டியிருக்குது. மழை விழட்டும், மறுபடி தளுத்துக்கும்."

பாடம் முழுவதும் அந்தச் சொற்களில் அடங்கியிருந்தது. இலை மரத்தின் சமையலறை. அதிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுந்தால் மரத்துக்கு ஆபத்து. ஆகவே இலையிலுள்ள சத்துக்களில் இயன்றதை மரம் தண்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. பின்னர் காம்பின் அடியில் தனி அடுக்கு ஒன்று உருவாகி, இலை கழன்று விழுகிறது.

ஆல்ப்ஸ் மலையில் பகல் குறுகுவதும் குளிர் கூடுவதும் மரத்துக்கு முன்னறிவிப்பு. பனிக்காலத்தில் நிலம் உறைந்துவிடுவதால், நீர் இருந்தும் வேருக்கு எட்டாது. நம் மலையிலோ பருவமழை ஓய்ந்தபின் மண் காய்ந்துவிடுகிறது. அங்கே குளிர், இங்கே வறட்சி. இரண்டிலும் மரத்துக்கு நேர்வது தாகமே!

நிறத்துக்கும் நம் நாட்டில் குறைவில்லை. நாட்டு வாதுமை இலை விழுமுன் சிவக்கிறது. அரசும் மாவும் துளிர்க்கும்போது செம்பு நிறம் காட்டுகின்றன.

காட்டுக்கு இது கண்டமான காலமும்கூட. காய்ந்த சருகில் அணைக்காத ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும். தீ அபாயம் மிகுந்த நாட்களில் வனத்துறை பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. சருகு எரிந்தால் கன்றுகள் கருகும். மழைநீர் ஊறாமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். சருகு மக்கினாலோ உரமாகி, நீரைப் பிடித்து வைக்கும். பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குப் பாயும் நீர் இம்மலைகளிலிருந்துதான் வருகிறது. சுவிஸ் பூங்காவில் விழுந்த மரத்தைக்கூட யாரும் அப்புறப்படுத்துவதில்லை என்று சிஸ்டர் சொன்னார். அதன் காரணம் அப்போது எங்களுக்கு விளங்கியது.

உடனே வெட்கமும் வந்தது. பள்ளி முற்றத்து வாதுமைச் சருகைத் தினமும் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்தவர்கள் நாங்கள்தாமே! திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும், இத்தவக்காலத்தில் ஓர் இலையையும் எரிப்பதில்லை என்று முடிவு செய்தோம். தோட்டத்து மூலையில் குழி வெட்டி, சருகும் சாணமும் மாற்றி மாற்றிப் போட்டு, நீர் தெளித்து வந்தோம். உயிர்ப்புத் திருநாளுக்குள் மைதானத்து அரசமரம் செந்தளிர் விட்டிருந்தது.

விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் குழியைக் கிளறினோம். சருகைக் காணோம், கறுத்த, மண்வாசனை வீசும் உரம் இருந்தது. முதல் கூடையை வாதுமை மரத்தின் அடியிலேயே கொட்டினோம். அது கொடுத்ததை அதற்கே திருப்பித் தந்தோம்.