பழைய வீட்டைத் திருத்துமுன் வளவைப் பாருங்கள்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுள் பல, 25 ஆண்டுகளுக்கு மேல் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ்ந்த பின்னரே தம் காணியைக் கண்டன. கூரையில்லாத சுவர், தூர்ந்த கிணறு, பற்றை மண்டிய தோட்டம். இவற்றின் முன் நின்று பலரும் எம்மிடம் கேட்டது ஒன்றே: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதைத் திருத்துவதா?

சுவர் உறுதியாக இருந்தால் திருத்துவதே நன்று என்பது எமது கருத்து. முன்னோர் வீட்டைத் தோட்டத்தோடு சேர்த்தே கட்டினர். முற்றத்தில் மிளகாய் காய்ந்தது. திண்ணையில் வெங்காயம் பிடியாகக் கட்டப்பட்டது. குசினிக் கதவு கிணற்றடிக்குத் திறந்தது. கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போனது. வீட்டைத் திருத்தும்போது இந்தத் தொடர்பையும் திருத்த வேண்டும்.

1. பாதுகாப்பு: வெடிபொருள் அகற்றப்பட்டதென உறுதி கிடைக்காத காணிக்குள் இறங்க வேண்டாம், பற்றைக்குத் தீ வைக்கவும் வேண்டாம். சந்தேகமான பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

2. மழைத் தண்ணீர்: ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது எனக் கவனியுங்கள். சுவரோடு மண் உயர்ந்திருந்தால் வெட்டித் தாழ்த்துங்கள். 400 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் ஏறக்குறைய 900 லீற்றர் தண்ணீர் கிடைக்கும். பீலி வைத்து, அதனை வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழிக்குள் விடுங்கள். சுண்ணக்கல்லூடாக இறங்கி எல்லோருடைய கிணறுகளுக்கும் உதவும்.

3. சுவர்: சுவரில் முளைத்த ஆல், அரசை இழுத்துப் பிடுங்காதீர்கள், கல் பெயர்ந்துவிடும். அடியில் வெட்டி, வேர் பட்டபின் அகற்றுங்கள். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம். சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து, நாளடைவில் கழன்று விழும்.

4. பின்கதவு: பணம் போதாவிட்டால் ஓர் அறையைக் குறையுங்கள், தோட்டத்தைப் பார்க்கும் கதவை அடைக்காதீர்கள். நாம் சென்ற வீடொன்றில் பின்பக்கத்தை அடைத்துச் சுவர் வைத்திருந்தார்கள். திண்ணையில் இருந்த ஆச்சிக்கு மாடு பயிரில் இறங்கியது தெரியவில்லை. அடுத்த போகத்துக்கு முன் அந்தச் சுவரை உடைத்துக் கதவு போட்டார்கள்.

5. மலசலகூடம்: சுண்ணக்கல் நிலத்தில் கழிவு விரைவாகக் கிணற்றைச் சேரும். குழியைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில் அமையுங்கள். அயலவரின் கிணற்றையும் மறக்க வேண்டாம்.

கூடிப் பேசுவதற்கு:

அ. எமது வீட்டில் எந்தக் கதவு தோட்டத்துக்குத் திறக்கிறது?

ஆ. எமது கூரைத் தண்ணீர் எங்கே போகிறது?

இ. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த வளவில் எதை முதலில் காட்டிக் கொடுப்போம்?