‘வரலை’யில் ‘லை’ எங்கே போனது?

அன்புள்ள தம்பிக்கு,

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பயிற்சிக் கூடத்துக்கு நீ போட்ட டிஎஸ்பி (ஒலிச் செயலி) கோப்பும், முதல் காணொளிக் கூட்டத்தின் பதிவும் வந்தன. கோப்பை ஒரே மூச்சில் பார்த்துவிட்டேன். பதிவைத்தான் தாண்ட முடியவில்லை. தகரக் கூரையில் மழை இறங்கிய கொஞ்ச நேரத்தில், மேசையின் கடைசியில் இருந்த ஓர் அம்மா பேசுகிறார். “சாமை விதை இன்னும் எங்க ஊருக்கு வரலை” என்று அவர் சொன்னது, நீ ஓரமாக வைத்திருந்த கேமராவின் சொந்த மைக்கில் மழையோடு மழையாக விழுந்திருக்கிறது. மறுமுனைக்குப் போன ஒலியில் ‘வர’ என்பதோடு சரி. அங்கே இருந்தவர் “சரிம்மா, சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மா மறுபடி வாயைத் திறக்கவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் பலர் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நெட்வொர்க்கில் ஒலியை அனுப்பும் டான்டே, அதன் பிடிபி கடிகாரம், சுவிட்சில் க்யூஓஎஸ் எல்லாம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சுவிட்சின் மின்சேமிப்பு வசதியைக்கூட மறக்காமல் அணைத்திருக்கிறாய். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராக உன் ஆட்டோ மிக்ஸருக்கு வருகிறேன்.

எட்டு சேனல். கூரை மைக் குவித்துக் கேட்கும் ஆறு திசைகள், அதாவது ஆறு லோப், மேசை மைக் இரண்டு. கேட்டிங் முறை, அதாவது குரல் ஒரு மட்டத்தைத் தாண்டினால்தான் மைக் திறக்கும். மூடிய மைக்கை எவ்வளவு இறக்குவது என்ற இடத்தில் ‘முழுவதும்’ என்று வைத்திருக்கிறாய். குரல் தாழ்ந்த பிறகும் மைக் திறந்திருக்கும் நேரமான ஹோல்ட் 100 மில்லிசெகண்ட். நாய்ஸ் ரிடக்‌ஷன் உச்சத்தில். மழைச் சத்தம் மறுமுனைக்குப் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறாய், புரிகிறது. ஆனால் மழையை அடக்கப் போய் ஆளை அடக்கிவிட்டாய்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. அந்த வினைக்கும் கடைசியில்தான் ‘இல்லை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வந்துச்சு, வரலை. கிடைச்சுது, கிடைக்கலை. குடுத்தாங்க, குடுக்கலை. மூச்சு தீர்ந்து குரல் தாழ்கிற இடமும் அதுவே. மேடைப் பேச்சாளர் அங்கே குரலை ஏற்றி முடிப்பார். குறை சொல்ல வந்த அம்மா அங்கே குரலை இறக்குவார், பாதியை விழுங்குவார். கேட்டின் வாசல் மட்டமோ மழை வலுக்க வலுக்கத் தானாக மேலே ஏறுகிறது. தாழ்ந்த குரல் அந்த மட்டத்துக்குக் கீழே போன பத்தில் ஒரு நொடியில் உன் கதவு சாத்திக்கொள்கிறது. ‘லை’ வெளியே நின்றுவிடுகிறது. வாக்கியத்தின் பொருளைத் தலைகீழாக்குகிற எழுத்தே அதுதான், தம்பி.

முழுவதும் மூடி நீ சம்பாதித்தது என்ன என்று கணக்குப் பார்ப்போம். திறந்த மைக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 3 டெசிபல் ஏறும். எட்டும் திறந்திருந்தால் 9 டெசிபல். அது தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று திறந்து, மற்ற ஏழையும் அடியோடு மூடாமல் 15 டெசிபல் மட்டும் இறக்கி வைத்தால், அந்த ஏழும் சேர்ந்து கூட்டுகிற இரைச்சல் 1 டெசிபலுக்கும் குறைவு. நீயே போட்டுப் பார். எந்தக் காதும் கண்டுபிடிக்காத அந்த ஒரு டெசிபலுக்காக ஓர் அம்மாவின் பேச்சை வெட்டியிருக்கிறாய். 15 டெசிபல் இறங்கிய மைக்கில் அடுத்தவர் பேச்சின் முதல் எழுத்தும் மெல்லியதாகவாவது வந்து சேரும். முழுவதும் மூடியதில் அதுவும் வராது.

என்னைக் கேட்டால் இந்தக் கூடத்துக்குக் கேட்டே வேண்டாம். உன் டிஎஸ்பியிலேயே கெயின் ஷேரிங் மிக்ஸர் இருக்கிறது, அதைப் போடு. சான் பிரான்சிஸ்கோவில் நாடகங்களுக்கு ஒலி அமைத்த டான் டுகன் 1970களில் காப்புரிமை வாங்கிய முறை அது. அதில் வாசல் கிடையாது, சாத்துவதும் திறப்பதும் கிடையாது. மொத்த கெயின் எப்போதும் ஒரு மைக்கின் அளவுதான். யார் மைக்கில் எவ்வளவு பங்கு ஒலி விழுகிறதோ அந்த மைக்குக்கு அவ்வளவு பங்கு கெயின். ஒருவர் முடிக்கும்போது குரல் தாழ்ந்தாலும், வேறு யாரும் பேசாதவரை பெரும்பங்கு அவருடையதே. மழை எட்டு மைக்கிலும் ஏறக்குறைய சமமாக விழுவதால், அது யாருக்கும் தனியாகப் பங்கைக் கூட்டித் தராது. இவ்வளவு நல்ல ஒன்று மெனுவில் இருக்கும்போது, எல்லாரும் முதலில் இருக்கிற கேட்டிங்கையே ஏன் தொடுகிறார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

டுகனின் பெயரை நான் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்பே என் ஆசான் இதைக் கையால் செய்துகொண்டிருந்தார். போளூரிலிருந்து பஸ் கூரையில் அஹுஜா ஆம்ப்ளிஃபையர், குழாய் ஒலிபெருக்கிகள், பேட்டரி எல்லாம் ஏற்றிக்கொண்டு இந்த மலைக்கு வருவோம். திருவிழாவுக்குக் குழாய் கட்டினால் பாட்டுத்தான், அதில் பெரிய வேலை இல்லை. ஊர்க்கூட்டம் என்றால்தான் ஆசான் நிமிர்ந்து உட்காருவார். மேடையில் இரண்டு மைக், கீழே ஒரு மைக். மூன்று குமிழிலும் விரல் இருந்தபடியே இருக்கும். பேசுகிறவர் மைக்கைப் பார்த்துக் கூச்சப்பட்டு ஒரு அடி பின்னால் போவார், ஆசானின் விரல் ஒரு முடி அளவு ஏறும். பேசி முடித்துவிட்டாரே என்று நான் குமிழை இறக்கப் போனால் தலையில் குட்டு விழும். “மனுசன் மூச்சு விட்டு முடிக்கட்டும்டா. கடைசியில ஒரு வார்த்தை சொல்லுவான் பாரு, அதுதான் அவன் சொல்ல வந்தது” என்பார். சொன்னபடியே நடக்கும். அரை நிமிஷம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “ரோடு மட்டும் போட்டுக் குடுங்க” என்று ஒரு பெரியவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. உன் 100 மில்லிசெகண்டைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எழுதினால் அச்சில் வராது.

கேட்டிங்கை விட மாட்டேன் என்றால், ஹோல்டை அரை நொடிக்குக் கீழே விடாதே. கடைசியாகப் பேசியவரின் மைக் அடுத்தவர் பேசும்வரை திறந்தே இருக்கும்படி வை. நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கீழ்ப்படிக்குக் கொண்டுவா.

மழைக்கு மருந்து மிக்ஸரில் இல்லை, மேசையில் இருக்கிறது. கூரை மைக்கே போதும் என்று மேசை மைக் இரண்டையும் நாலு டெசிபல் இறக்கி, பேருக்கு வைத்திருக்கிறாய். மேசை மைக் வாயிலிருந்து 60 செ.மீ. கூரை மைக் 2.4 மீட்டர். நாலு மடங்கு தூரம், நேராக வரும் குரலில் 12 டெசிபல் இழப்பு. கூரை மைக் தன் லோபைக் குவித்து அதில் கொஞ்சத்தை மீட்கும். நல்ல அறையில் நன்றாகவே மீட்கும், அந்தக் கருவியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தகரத்தில் விழும் மழை ஒரு திசையிலிருந்து வருவதில்லை. கூரை முழுக்க அதிர்ந்து, அறை முழுக்கப் பரவி, சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி, லோப் எங்கே பார்க்கிறதோ அங்கிருந்தும் வருகிறது. அதனால் ‘மழை’ என்று தனியாக ஒரு ப்ரீசெட் போடு. அதில் கூரை லோப்கள் ஆறும் 6 டெசிபல் கீழே, மேசை மைக் இரண்டும் முழு அளவில். சுவரில் இருக்கிற பட்டன் பலகையில் அதற்கு ஒரு பட்டன். கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் மழை வந்தால் ஜன்னலைச் சாத்துகிறார் அல்லவா, அப்படியே அதையும் அழுத்திவிட்டுப் போவார்.

இனி, மறுமுனைக் குரல் நம் மைக் வழியே அவர்களுக்கே திரும்பிப் போகாமல் தடுக்கும் எக்கோ கேன்சலர். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி கேன்சலர், அதுவும் மிக்ஸருக்கு முன்னால். ரெஃபரன்ஸில் மறுமுனைக் குரல் மட்டும், உள்ளூர் மைக் ஒரு துளி கலக்கவில்லை. மிக்ஸருக்குப் பின்னால் ஒரே ஒரு கேன்சலரை மாட்டினால், மிக்ஸர் மைக் மாற்றும்போதெல்லாம் அது எதிரொலிப் பாதையை முதலிலிருந்து படிக்க வேண்டும், அதற்குள் எதிரொலி போய்விடும். இது தெரியாமல் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய போர்டு ரூம்களில் உட்கார்ந்து என் குரலையே நான் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒரு மலையூரின் பயிற்சிக் கூடத்தில் அதை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாய். உன் வயதில் என்னோடு தொழில் பார்த்த எவரும் இதில் பாதி செய்திருக்க மாட்டார்கள்.

அவ்வளவையும் செய்துவிட்டுக் கருவிகளுக்குப் பேர் வைக்காமல் விட்டாயே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. டான்டே பட்டியலைத் திறந்தால் கம்பெனி வைத்த பெயர்கள், மாடல் எண்ணும் அதன் பின்னால் புரியாத எழுத்துகளும். எது முன்மேசை, எது பின்மேசை? டான்டேயில் வாங்குகிற கருவி, தான் யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பெயராகத்தான் நினைவில் வைத்திருக்கிறது, கருவியின் பெயரும் சேனலின் பெயரும். செத்துப்போன மைக்குக்குப் பதில் அதே பெயரோடு வேறொன்று வந்தால், இணைப்பு தானாகச் சேர்ந்துகொள்ளும்.

இது சென்னையில் ஒரு வசதி. ஜவ்வாது மலையில் இதுதான் உயிர். கோடை இடியில் ஒரு மைக் போனால் நீ மலை ஏறி வர எத்தனை நாள் ஆகும்? உதிரி மைக் ஒன்றுக்கு இப்போதே பெயர் வைத்து, அமைப்புகளை ஏற்றி, பீரோவில் வைத்துவிடு. கேபிளைக் கழற்றி மாட்டத் தெரிந்த யாரும் அதை மாற்றிவிடலாம். கருவியின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு இவ்வளவுதான் ஏற்கும், 31 எழுத்துக்குள். ஏற்கட்டும். ‘முன்மேசை’ என்பதையே ஆங்கில எழுத்தில் எழுது. மைக்கின் அடியில் அதே பெயரைத் தமிழில் ஒட்டு.

மழைக்கு ப்ரீசெட் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஆளில்லாத கூடத்தை, வெயிலில் ஒரு முறை, மழையில் ஒரு முறை, எட்டு சேனலையும் தனித்தனியாகப் பதிவு செய். பதிவில் எதையும் சுத்தம் செய்யாதே, காரணம் இருக்கிறது. உன் கூடம் இருக்கும் அதே மலைத்தொடரில், காவலூர் வானாய்வகத்தில், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் வேளையில் அந்த விண்மீனின் ஒளியை 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். எதிர்பார்த்த மறைப்புக்கு வெளியே, விண்மீனின் ஒளி சில நொடி குறைந்திருந்தது பதிவில் விழுந்தது. அது யுரேனஸின் வளையம் என்று பிறகு தெளிவானது. கிரகம் மறைக்கிற நேரம் போதும், மற்றது இரைச்சல் என்று யாராவது ஒரு கேட்டைப் போட்டிருந்தால் அந்தப் பதிவே இருந்திருக்காது. போகும்போது ஒரு சனிக்கிழமை ராத்திரி அங்கேயும் எட்டிப் பார், வானம் தெளிவாக இருந்தால் பொதுமக்களுக்குக் காட்டுவார்கள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கெயின் ஷேரிங்குக்கு மாறிவிடு. அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவை மேசை மைக்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சாமை விதையைப் பற்றி மறுபடி கேட்கச் சொல். அந்தப் பதிவையும், புதுப் பெயர்ப் பட்டியலையும், வெறுங்கூடத்தின் எட்டு சேனலையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்