அக்காவுக்கு கியாரி, எனக்கும் வருமா?

கேள்வி: அக்காவுக்குச் சிறுமூளை கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. எனக்கும் பிள்ளைகளுக்கும் வருமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பதறாதீர்கள், சகோதரி. 1891இல் ஹான்ஸ் கியாரி விவரித்த குறைபாடு இது. பின்மண்டை சிறுத்திருந்தால், இடம் போதாமல் சிறுமூளையின் நுனி கழுத்துப் பக்கம் இறங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு 5 மில்லிமீட்டர் இறங்கினாலே கியாரி என்கிறோம். சில குடும்பங்களில் இது தொடர்வது உண்மைதான். ஆனால், இன்ன மரபணுவால்தான் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. பெரும்பாலோரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. தொந்தரவே இல்லாதவர்களை ஸ்கேனுக்கு இழுக்க வேண்டாம். இருமினால், தும்மினால், முக்கினால் பிடரியில் வலி தெறிக்கிறதா? காபி டம்ளரைப் பிடித்தும் கையில் சூடு உறைக்கவில்லையா? பிள்ளையின் முதுகு கோணுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், அக்காவின் ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரை உடனே பாருங்கள்.