சார்ஜ் டார்ச் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



பாம்பன் பக்கம் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல் முடிந்து பதிவேட்டை மூடும் நேரம். ஒரு அக்கா மடியிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். "கடையில அடிச்சுக் காட்டுனப்ப கண்ணு கூசுச்சு. இப்பப் பாருங்க, மின்மினிப் பூச்சி மாரி இருக்கு. இந்த வருசத்துல இது மூணாவது." அவர் சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து பேர் தங்கள் வீட்டு டார்ச் கதையை ஆரம்பித்து விட்டார்கள். அதனால் இந்த மாதப் பாடமே டார்ச்தான்.

இதுக்கெல்லாம் ஒரு பாடமா என்று கேட்காதீர்கள். பாசி எடுக்கப் போகிறவர்களுக்குத் தெரியும். மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று கணக்கு வைத்துப் போகிறோம். பௌர்ணமிக்கு நிலா துணை வரும். அமாவாசைக்கு யார் வருவார்? விடியுமுன் எழுந்து சோறாக்கி, சாக்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கரைக்கு நடக்க வேண்டும். மீன் ஏலத்துக்கும் முதல் பஸ்ஸுக்கும் போகிறவர்கள் கதையும் அதுதான். வழியெல்லாம் சீமைக் கருவேல முள். நம் மாவட்டத்து வறண்ட மண்ணில் சுருட்டை விரியன் இருக்கிறது. சாணளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மண் நிறத்தில் கிடக்கும், விஷம் பொல்லாதது. ராத்திரி ஒதுங்கப் போகும்போது காலடி தெரிவது உயிர் சமாச்சாரம்.

"செல்போன்ல லைட் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் கரையில் தண்ணீரில் விழுந்தால் லைட்டோடு போனும் போச்சு, அதில் இருக்கும் நம்பர்களும் போச்சு. லைட் போட்டே சார்ஜ் தீர்ந்தால் அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிட முடியாது. டார்ச் தனியாக இருப்பதே நல்லது.

எங்கள் தவறையும் சொல்லி விடுகிறோம். சில வருடங்களுக்கு முன் குழுக்களுக்காக மொத்த விலையில் டார்ச் வாங்கிக் கொடுத்தோம். கடையில் சுவரில் அடித்துப் பார்த்தோம், பளிச்சென்று இருந்தது, வாங்கி விட்டோம். மழைக்காலம் முடியுமுன் பாதி டார்ச் செத்துப் போயிற்று. பில் வாங்கவில்லை, அதனால் கடைக்காரரிடம் கேட்க வாயும் இல்லை. அது உங்கள் சேமிப்புப் பணம். அதன் பிறகுதான் டார்ச்சுக்குள் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து படித்தோம்.

முதலில் கேட்க வேண்டியது, உள்ளே என்ன பேட்டரி? மலிவான பிளாஸ்டிக் டார்ச் பலவற்றில் ஈய பேட்டரி இருக்கும். கனமாக இருக்கும், சார்ஜ் ஏற எட்டு பத்து மணி நேரம் பிடிக்கும். இதை முழுக்கத் தீர விட்டு அலமாரியில் போட்டால், உள்ளே ஈயத் தகட்டில் உப்புப் பூத்த மாதிரி படிந்து கெட்டியாகி விடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. நாங்கள் வாங்கிக் கொடுத்ததில் பல இப்படித்தான் செத்தன. ஈய டார்ச் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுங்கள்.

இப்போது அதிகம் வருவது லித்தியம் பேட்டரி. அதிலும் 18650 என்ற ரகம் பரவலாக இருக்கிறது. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். எடை குறைவு, சும்மா வைத்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காது. ஆனால் ஏமாற்று இங்கேதான் அதிகம். பேட்டரி மேல் எம்.ஏ.எச். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்ற கணக்கு, நம் தண்ணிக் குடம் எத்தனை லிட்டர் என்பது போல. நல்ல கம்பெனி 18650 பேட்டரியே பெரும்பாலும் 3500-க்குள்தான் இருக்கும். ஒரு கட்டை பேட்டரியில் 9900 என்று போட்டிருந்தால் அது பொய், சந்தேகமே வேண்டாம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். அசல் பேட்டரி 45 கிராம் அளவுக்கு இருக்கும். ரொம்ப லேசாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை.

குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இந்தக் கணக்கும் வரும். எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 2000 என்றால் 7.4 வரும். டார்ச் ஒரு வாட் என்றால் சுமார் ஏழு மணி நேரம் எரியும். வழியில் வீணாவது போக ஆறு என்று வையுங்கள். அதே பேட்டரியில் மூன்று வாட் லைட் என்றால் இரண்டு மணி நேரம். ஆக, கண்ணைக் கூச வைக்கும் டார்ச் நமக்கு லாபம் இல்லை. ஒரு வாட் நல்ல எல்.ஈ.டி. சுமார் 100 லூமன் வெளிச்சம் தரும். நடக்க அதில் பாதியே போதும். குறைந்த வெளிச்சத்துக்குத் தனி நிலை உள்ள டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள்.

அட்டைப் பெட்டியில் 'எட்டு மணி நேரம்' என்று இருந்தாலும் ஒரு சூட்சுமம் உண்டு. டார்ச்சுக்கென்று இருக்கும் சர்வதேச அளவுமுறையிலேயே வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தைத்தான் கணக்கில் சேர்க்கிறார்கள். மலிவு ரகங்கள் அந்த முறையைக்கூடப் பார்ப்பதில்லை. நாமே சோதிப்பதுதான் வழி. முழு சார்ஜ் போட்டு, ராத்திரி சமையல் முடிந்ததும் டார்ச்சை எரிய விட்டு மணியைக் குறியுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை இந்தப் பத்திரிகையைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து அந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். எப்போது எழுத்து தெரியவில்லையோ அதுதான் உங்கள் டார்ச்சின் உண்மையான நேரம். மூன்று மணி நேரம் தாண்டினால் நல்லது.

அடுத்து சார்ஜ் போடும் இடம். இது உயிர் விஷயம், கவனமாகப் படியுங்கள். டார்ச்சின் அடியிலேயே இரண்டு முள் இருக்கும், நேரே பிளக்கில் சொருகுவோம். இந்த மலிவு ரகங்கள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. வீட்டு 230 வோல்ட் கரண்டுக்கும் உள்ளே உள்ள பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்டென்சர்தான். மேல் பிளாஸ்டிக் விரிந்திருந்தாலோ, ஸ்விட்ச் உடைந்து உள்கம்பி வெளியே தெரிந்தாலோ அதில் முழு கரண்ட் இருக்கும். உப்புத் தண்ணி பட்ட ஈரக் கையோடு தொட்டால் என்ன ஆகும்? சார்ஜில் இருக்கும்போது லைட்டைப் போடவும் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது. செல்போன் சார்ஜர் வயரில் ஏறும் டார்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள், நூறு ரூபாய் கூட ஆனாலும். நல்ல சார்ஜர் என்றால் வீட்டுக் கரண்ட் டார்ச் வரை வராது. லித்தியம் பேட்டரியைப் படுக்கை மேலும் ஓலைத் தட்டி ஓரத்திலும் வைத்து சார்ஜ் போடாதீர்கள். உப்பியிருந்தால், சூடானால் உடனே கழற்றி விடுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு யூனிட்டில் ஏறக்குறைய நூறு தடவை ஏற்றலாம்.

நம் ஊர்க் காற்றே உப்பு. டார்ச்சில் ஐ.பி.எக்ஸ். என்று எழுதி எண் போட்டிருப்பார்கள். 4 என்றால் சாரல் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அது நல்ல தண்ணியில் செய்த சோதனை, கடல் தண்ணியில் அல்ல. கரையிலிருந்து வந்ததும் மூடியை இறுக்கிவிட்டு நல்ல தண்ணியில் அலசி, துடைத்து, நிழலில் காய வையுங்கள். ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்திருந்தால் காய்ந்த துணியால் தேயுங்கள். கையில் மாட்டக் கயிறு இருக்கிறதா, சுருக்குப் பையில் அடங்குமா என்றும் பாருங்கள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நடப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம்!

லித்தியம் பேட்டரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டுப் பார்க்கலாம், படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு நிமிட வேலை. பில் கட்டாயம். வாரன்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலும் பேசலாம். செத்த பேட்டரியைக் கடலிலோ அடுப்பிலோ போடாமல் கடையில் திருப்பிக் கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி அதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பவர்களுடையது.

2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு சார்ஜ் போட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்ததுமே டார்ச்சை முழுதாக ஏற்றி, குடும்ப அட்டை வைத்திருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு டார்ச், ஓடாததாக இருந்தாலும் சரி, கொண்டு வாருங்கள். எது எத்தனை மாதம் உழைத்தது, என்ன விலை, எதனால் போனது என்று ஊக்குநர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். மொத்தமாக வாங்குவதாக இருந்தால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, அமாவாசைக்குப் பாசி எடுக்கப் போகிற ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் சொல்வதைக் கேட்டு மற்றதை முடிவு செய்யலாம்.