போல்ட் தலை தேய்ந்துவிட்டதா? பதறாமல் கழற்றுங்கள்

லண்டனில் டெலிவரி ஓட்டுபவருக்குச் சைக்கிள் ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். அதை நிறுத்த ஒரே ஒரு போல்ட் போதும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டில் ஆலன் கீ வழுக்கி, அறுகோணக் குழி வட்டமாகிவிட்டால் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. இதை வீட்டிலேயே கழற்றப் பழகினால் கூலி மிச்சம். சைக்கிள் மெக்கானிக் வேலைக்குப் போக நினைப்பவருக்கு இதைவிட நல்ல ஆரம்பப் பயிற்சி இல்லை.

ஏன் இப்படி ஆகிறது?

குளிர்காலத்தில் சாலை உறையாமலிருக்க உப்பு தூவுகிறார்கள். அந்த உப்புநீர் மரைக்குள் இறங்கினால், அலுமினியமும் எஃகு போல்ட்டும் தொடும் இடத்தில் அரிப்பு வேகமெடுத்து, இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. அந்த நிலையில் முனை மழுங்கிய ஆலன் கீயைப் போட்டு அழுத்தித் திருகினால் தலை போய்விடும்.

வழுக்கியது தெரிந்த உடனே கையை எடுங்கள். இன்னொரு முறை வழுக்கினால் மிச்சமிருக்கும் விளிம்பும் போகும். பிறகு, பாகத்துக்குச் சேதம் வராத வழியில் தொடங்கி, படிப்படியாகக் கடுமையான வழிக்குப் போங்கள்.

1. சுத்தம் செய்து ஊறவிடுங்கள். குழியில் அடைந்த மண்ணை ஊசியால் கிளறி எடுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மரைப் பக்கமாக விட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். பிரேக் டிஸ்க்கிலோ பிரேக் கட்டையிலோ ஒரு துளிகூடப் படக்கூடாது.

2. நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனையை இறக்குங்கள். 4 மி.மீ. குழிக்கு டி25, 5 மி.மீ. குழிக்கு டி30. சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கி, நேராக அழுத்தியபடி நிதானமாகத் திருப்புங்கள். பல போல்ட்டுகள் இந்தப் படியிலேயே வந்துவிடும்.

3. வெளியிலிருந்து பிடியுங்கள். தலை வெளியே நீட்டியிருந்தால் வைஸ் கிரிப்பால் கவ்வித் திருப்பலாம். அல்லது ஹேக்ஸா பிளேடால் தலையில் ஒரு வெட்டுப் போட்டு, தட்டைத் திருப்புளியால் முயலலாம்.

4. கடைசியாக டிரில். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எம்5 போல்ட்டுக்கு 5 மி.மீ. பிட் போட்டு, குறைந்த வேகத்தில், நடுமையத்தில் துளையிடுங்கள். தலை தனியாக உதிர்ந்ததும் இறுக்கம் விட்டுவிடும். பாகத்தைக் கழற்றிவிட்டு, மீதித் தண்டை வைஸ் கிரிப்பால் திருகி எடுத்துவிடலாம்.

இவற்றை மறக்க வேண்டாம்

இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. அதைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். கார்பன் பாகங்களில் சுத்தியல், சூடு, டிரில் மூன்றும் வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள். போல்ட்டின் தலை தேயாமல், சட்டத்துக்குள் இருக்கும் மரையே அழிந்திருந்தாலும் அது கடை வேலைதான். அங்கே புது மரை வெட்டுவார்கள் அல்லது உள்ளே மரைச்சுருள் பொருத்துவார்கள்.

பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புது போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கலாம் என்பது பெரும்பாலும் ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும். பலவற்றில் அது 5 நியூட்டன் மீட்டர்.

இதை வேலையாக்க விரும்புகிறீர்களா?

பிரிட்டனில் சைக்கிள் கடைகள் மதிக்கும் தகுதிச் சான்று சைடெக். வீட்டில் பழுது பார்ப்பவர்களுக்கு முதல் நிலையும், தொழிலாகச் செய்பவர்களுக்கு அடுத்த நிலைகளும் உண்டு. கருவி வாங்கப் பணமில்லையென்றால் ஹாக்ஸ்டனில் லண்டன் பைக் கிச்சன் இருக்கிறது. அங்கே உங்கள் சைக்கிளை நீங்களே பழுது பார்க்கக் கற்றுத்தருகிறார்கள். 2013இல் தொடங்கிய தி பைக் ப்ராஜெக்ட், நன்கொடையாக வரும் பழைய சைக்கிள்களைச் சரிசெய்து அகதிகளுக்கு வழங்குகிறது. இதுபோன்ற பட்டறைகளில் தொண்டராகச் சேர்ந்தால், பல வகைப் பழுதுகளைக் கையால் தொட்டுப் பழகலாம்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுயதொழிலாக டெலிவரி ஓட்டவோ, வீடுவீடாகப் போய்ப் பழுது பார்க்கவோ உங்களுக்கு அனுமதி இல்லை. கடையில் ஊழியராகச் சேரலாம். பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை அனுமதி உண்டு.

சுலபமான பழுதை யாரும் சரிசெய்துவிடுவார்கள். பிடிவாதமாக நிற்கும் போல்ட்டைச் சட்டம் சேதப்படாமல் கழற்றத் தெரிந்தவரையும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரையும்தான் பட்டறை தேடும். மலிவாக ஒரு பழைய சைக்கிளை வாங்குங்கள். முழுவதும் கழற்றி, முழுவதும் பூட்டுங்கள். அதன் பிறகு வேலைக்கு விண்ணப்பியுங்கள்.