பொலிப்பாட்டும் உழவு இயந்திரமும்

2010ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் சிறுவர் நிகழ்ச்சி ஒன்று ஒழுங்கு செய்தோம். பிள்ளைகளுக்குப் பொலிப்பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்படி முல்லைத்தீவுப் பக்கத்து முதிய கமக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "சூடும் இல்லை, மாடும் இல்லை. தறப்பாளுக்குக் கீழே நின்று பொலி கூப்பிடுகிறதோ, பாதர்? அது கூடாது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பொலிப்பாட்டு மேடைக்குப் பிறந்த பாட்டல்ல. வெட்டிய கதிரைச் சூடாக அடுக்கிவைத்து, பிறகு களத்தில் பரப்பி, இரவிரவாக மாடுகளை வளைய விட்டு மிதிப்பித்த காலத்தின் பாட்டு அது. நித்திரை தூங்கும் மனிதனையும் களைத்த மாட்டையும் நடக்க வைப்பது அதன் வேலை. 'பொலி' என்றால் பெருகு என்று பொருள். களத்தில் சாதாரணப் பேச்சே பேசமாட்டார்கள். சில பொருள்களுக்கு வேறு பெயர் சொல்வார்கள். சிங்களக் கமக்காரரிடமும் களத்துக்கென்று தனிப் பேச்சு இருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

பிறகு உழவு இயந்திரம் களத்துக்குள் வந்தது. மாடு நாள் முழுக்க மிதித்ததை அது விரைவில் முடித்தது. அதன் இரைச்சலில் யார் பாடுவது? இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே வெட்டி, அடித்து, நெல்லைத் தருகிறது. களமே தேவையில்லை. ஆகவே பாட்டை யுத்தம்தான் அழித்தது என்று சொல்வது முழு உண்மையல்ல. இடப்பெயர்வுக்கு முன்பே பாதி போய்விட்டது. (அந்த இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. முதுகு நோவு பாடினவர்களுக்குத்தான் தெரியும்.)

ஆனால் பாட்டு முன்னரும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஒரு களத்தில் பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள், இன்னொன்றில் அந்தோனியாரை. பாடுகிறவர் தன் ஊரையும் மாட்டையும் இடையில் சேர்த்துக்கொண்டார். கூத்தும் அப்படித்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடியதைச் சுருக்கினார். சுற்றிலும் சனம் இருந்து பார்த்த வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையானது. அதனால் இழந்ததும் உண்டு. ஆயினும், கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிய படித்தவர்கள் அதன் பிறகே வந்து பார்த்தார்கள்.

முகாமில் நடந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. அந்த ஐயா இல்லாமலே ஒத்திகை தொடங்கியது. மூன்றாம் நாள் பிள்ளைகள் பிழையான மெட்டில் பாடுவதைப் பொறுக்க முடியாமல் அவரே எழுந்து வந்தார். மாட்டை அதட்டும் அடிகளை விட்டுவிட்டார். அந்த இடத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் "உன்ரை ஊர் எது?" என்று கேட்டு, அந்த ஊர்களின் பெயர் சொல்லிப் பொலி கூப்பிட்டார். சுற்றி நின்ற தாய்மார் அழுதார்கள். அப்படி ஒரு பொலிப்பாட்டு முன்பு இருந்ததில்லை. அது பொலிப்பாட்டு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

உங்கள் ஊரில் எந்த வேலையோடு எந்தப் பாட்டு இருந்தது? அந்த வேலை இப்போது எப்படி நடக்கிறது?

பாட்டை அறிந்தவர் இன்னும் யார் இருக்கிறார்? சொற்களை எழுதினால் மட்டும் போதாது, மெட்டுத் தவறிவிடும். தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த வேலைக்கு, எந்த நேரத்தில், யார் பாடியது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

காணிக்கு இன்னும் திரும்ப முடியாத குடும்பங்களின் பிள்ளைகள் எந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள்?